கை இருந்த இடம்

விருதுப் பட்டறைகளில் புதிதாகக் கால்வைத்திருக்கும் இளையவர்களே, நீங்கள் என்னிடம் கேட்டனுப்பிய கேள்வி ஒன்றுதான். இத்தனை ஆண்டுகளில் செய்தவற்றுள் எதை எண்ணி மிகவும் பெருமைப்படுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். பெரிய மேடைகளில் கைமாறிய வெள்ளிமுலாம் கிண்ணங்களில் ஒன்றைச் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவதோ மெருகிடப்படாத, ஒரு மூலை நிரம்பாத, மேசையில் வைத்தால் இரண்டாம் வரிசைக்குக்கூடத் தெரியாத ஒரு பித்தளைப் பலகையைப் பற்றி. அதைச் செய்கையில் நான் இழைத்த பிழையையும் சேர்த்தே சொல்கிறேன். பிழையை விடுத்துச் சொன்னால் பெருமையும் பாதியாகிவிடும்.

கொழும்பிலிருந்து ஒருவர், இலங்கையின் கிழக்குக் கடலோரக் கல்முனையில் இருந்த எங்கள் பட்டறைக்கு வந்தார். சாகசக் கலைஞர்களின் சங்கமொன்றுக்குச் செயலாளர் என்று தம்மை அறிமுகம் செய்தார். திரைப்படங்களிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் நாயகனுக்கும் நாயகிக்கும் மாற்றாக மாடியிலிருந்து விழுபவர்கள், ஓடும் வண்டியிலிருந்து உருள்பவர்கள், தீயைக் கிழித்துக்கொண்டு ஓடுபவர்கள் ஆகியோரின் சங்கம் அது. அவரும் ஒருகாலத்தில் விழுந்தவரே. இடது முழங்கால் மடங்காமல் நடந்தார். சங்கம் முதன்முறையாகத் தம்மவர் ஒருவருக்கு விருது வழங்கப்போகிறது. பெறப்போகிறவர் பாண்டிருப்பைச் சேர்ந்த தவமணி என்னும் பெண். விழாவை அவருடைய ஊர்ப்பக்கத்திலேயே, கல்முனையிலேயே நடத்துவதென்று முடிவு செய்திருந்ததால் வேலை எங்களைத் தேடி வந்தது. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் அவரும் என்னை ‘நானா’ என்றே அழைத்தார்.

“நானா, ஒரு பொம்பிளை மேலயிருந்து விழுற மாதிரி வேணும். தங்கக் கலர். ஒண்டரை அடி உயரம். செய்யலாமா?”

“உருவம் நாங்க வார்க்கிறதில்ல தம்பி,” என்றேன்.

அது எங்கள் பட்டறை தொடங்கிய நாள்முதல் இருந்துவரும் ஒழுங்கு. மட்டையை வார்ப்போம், பந்தை வார்ப்போம். மட்டை பிடித்தவனை வார்க்க மாட்டோம். ஓட்டப்போட்டிக்கு ஓடுபாதையைச் செய்து கொடுப்போம், ஓடுகிறவனை அல்ல. நிந்தவூர் முதல் மருதமுனை வரையுள்ள பாடசாலைகள் இதை அறியும்; ஒருவரும் குறைசொன்னதில்லை. கொழும்பிலிருந்து வந்தவருக்கு மட்டும் அது விளங்கவில்லை. வேறிடம் பார்ப்பதாகச் சொல்லி எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அப்போதுதான் உண்மையான சங்கடத்தைச் சொன்னார்.

“ரெண்டு தரம் வேற ஆக்கள் அவவுக்கு விருது குடுக்கப் பார்த்தவங்க நானா. ரெண்டு தரமும் மேடைக்கு வரேல்ல. ஒரு விருதில அந்தப் பட நாயகிட முகத்தச் செதுக்கி வச்சிருந்தாங்க. இதையும் வேணாமெண்டு போட்டாவெண்டா எங்கட சங்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் என்னத்தச் சொல்றது? இது அவ கையால வாங்கிற சாமானா இருக்கோணும். அவ்வளவுதான்.”

உருவமில்லாமல் ஒரு வரைபடம் காட்டுகிறேன், பிறகு முடிவெடுங்கள் என்றேன். ஒரு வாரம் அவகாசம் தந்தார்.

எனக்குத் தொழில் பழக்கியவர், விருது ஏற வேண்டும், அதைப் பார்க்கிறவன் கழுத்து நிமிர வேண்டும் என்பார். நானும் அதையே வேதவாக்காகக் கொண்டு வந்தவன். படி, படியின்மேல் தூண், தூணின் உச்சியில் சுடரோ விண்மீனோ. எங்கள் தொழிலின் கை தானாகவே மேல்நோக்கித்தான் போகும். ஆகவே ஐந்து படிகள் வரைந்தேன். அவற்றினின்று ஓர் அலை சீறி எழுகிறது. அலையின் நுனியில் ஒரு விண்மீன். கடலும் இருக்கிறது, துணிவும் இருக்கிறது, உருவமும் இல்லை. வரைந்து முடித்தபோது என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் செயலாளர் தவமணியையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஐம்பதை நெருங்கிய, ஒடுங்கிய தோற்றமுள்ள பெண். பாடசாலை ஆசிரியை என்றால் நம்பிவிடுவீர்கள். பெண்களோடு கைகுலுக்கும் வழக்கம் எனக்கில்லை. நெஞ்சில் கைவைத்து வரவேற்றேன், அவர் கைகூப்பினார். வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

“வடிவாத்தான் இரிக்கு நானா. ஆனா இது மேல போகுது.”

“ஓம். உங்கட துணிவு...”

“நான் ஒருநாளும் மேல போகல்லையே. இத்தின வருசமா கீழதானே வந்த நான்.”

மண்ணிட்டு வார்ப்பு வேலை செய்பவரான யோசேப்பு பின்னாலிருந்து சிரித்துவிட்டார். சொறிக்கல்முனைக்காரர், வாய்க்குப் பூட்டில்லாதவர். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தென்ன? அந்தப் பெண் சொன்னது சரி. ஆயுள் முழுதும் ஏறுகிறவர்களுக்கே விருது செய்து பழகிய நான், விழுவதையே தொழிலாகக் கொண்டவருக்கும் ஏணியைத்தான் நீட்டியிருந்தேன்.

செயலாளர் இடையில் புகுந்தார். “நான் முதல்லயே சொன்னனே நானா, விழுற மாதிரி ஒரு உருவம் வச்சா முடிஞ்சிது.”

“என்னத்துக்கு?” என்றார் தவமணி. “என்ட உருவம் ஒரு படத்திலயும் இல்ல. இதில மட்டும் என்னத்துக்கு?”

எங்கள் ஒழுங்குக்கு அதைவிடப் பெரிய ஆதரவு அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை. அவருடைய முகம் தெரிந்துவிட்டால் அந்தக் காட்சியே பழுது. முகம் மறைப்பது அவர்கள் தொழிலின் ஒழுங்கு. உருவம் தவிர்ப்பது எங்களுடையது. இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்திருந்தன. அந்த மேசையில் வைக்கத்தான் ஒன்றுமில்லை.

“சரி தங்கச்சி, விழுந்து முடிய என்ன நடக்கும்? அதச் சொல்லுங்க,” என்றேன்.

“விழுந்து முடிய ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க. மூச்சு விடமாட்டாங்க. நான் சுகமெண்டு சொல்லுற வரைக்கும் எல்லாரும் கல்லு மாதிரி நிப்பாங்க.”

“எப்பிடிச் சுகம் சொல்லுவீங்க?”

“கதைக்க ஏலாதே, நெஞ்சில காத்திருக்காது. கையால நிலத்தில ஒரு அடி. இந்தா, இப்பிடி.”

அருகே வார்ப்பு மண் நிரப்பிய பெட்டி இருந்தது. அவர் அதன்மேல் உள்ளங்கையை ஓங்கி அறைந்தார். ஆணியில் தொங்கிய அரங்கள் அதிர்ந்தன. செயலாளர், பாவம், தம்மையறியாமல் பெருமூச்சு விட்டார். அந்த ஒலிக்காகக் காத்திருந்து பழகிய உடம்பு அது. தவமணி கையை எடுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டார். மண்ணில் ஐந்து விரலும் மணிக்கட்டுமாக ஒரு பள்ளம் இருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“நானா,” என்றார் யோசேப்பு, “விருது இஞ்ச கிடக்கு.”

எனக்கும் அதே கணத்தில் தெரிந்துவிட்டது. நிற்கிற விருதில்லை, கிடக்கிற விருது. ஒரு பித்தளைப் பலகை. அதில் விழுந்தவர் உயிரோடிருக்கிறேன் என்று சொன்ன அறையின் தடம். பெறுகிறவர் தம் கையை அந்தப் பள்ளத்தில் வைத்தே அதை ஏற்றுக்கொள்வார். இதைத் தவமணியிடம் சொன்னேன். போகும்போது வாசலில் நின்று, “அப்ப நான் வாறன் நானா, விழாவுக்கு,” என்று மட்டும் சொன்னார். செயலாளர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

அவர்கள் போனதும் யோசேப்பு என்னைச் சீண்டினார். “கை உருவமில்லையா நானா? நாளைக்கு உங்கட ஆக்கள் கேட்டா?”

“கையில்ல யோசேப்பு. கை இருந்த இடம்.”

“நல்லாத்தான் கதைக்கிறீங்க. நீங்க லோயருக்குப் படிச்சிருக்கலாம்.”

இனி என் பிழை. அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றிக் கையின் படியொன்றை எடுத்தோம். மண் கலைந்துவிட்டது, இனி அந்தப் படிதான் மூலம். அதில் நான்கு விரல்கள் செம்மையாக வந்திருந்தன. சின்னவிரல் மட்டும் நடுக்கணுவில் முறிந்து வெளிப்புறம் விலகிக் கிடந்தது.

“சின்னவிரல் ஒரு மாதிரிக் கிடக்கு. விடுவமா?” என்று யோசேப்பு கேட்டார்.

“கைய எடுக்கக்குள்ள மண் சரிஞ்சிருக்கு,” என்றேன். அந்த விடையில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை. முகம் பார்த்துப் பேசினேனே தவிர அந்தப் பெண்ணின் கையை நான் நோக்கியதில்லை; அப்படி நோக்குவது மரியாதையன்று என்று வளர்ந்தவன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. கேட்டிருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு. அதைச் செய்யாமல் திருத்த உட்கார்ந்தேன். சுரண்டியும் பூசியும் இரண்டு நாளில் அந்த விரலை மற்ற விரல்களுக்கு இணையாக நேராக்கினேன். ஏனையோருக்கு அந்த வேலையைக் கொடுக்கவுமில்லை. அவ்வளவு நுட்பம் என் கைக்கே உண்டு என்ற எண்ணம். பிறகு வார்த்தோம். யோசேப்பு பத்து நாள் மெருகிட்டார். குனிந்தால் உங்கள் முகம் தெரியும். செயலாளருக்குப் படம் அனுப்பினோம். அவர் இதயக்குறிகளாக அனுப்பித் தீர்த்தார்.

விழா ஒரு சனிக்கிழமை பிற்பகல். எங்கள் பட்டறையில் இன்னுமோர் ஒழுங்கு உண்டு: பெயர் பொறிக்குமுன் உரியவர் கையாலேயே அதை எழுதி வாங்க வேண்டும். தவமணி படப்பிடிப்பிலிருந்து வெள்ளிக்கிழமைதான் ஊர் திரும்பினார். அன்று காலை தாளும் பேனாவுமாகப் பாண்டிருப்புக்குப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்திவிட்டு, அவர் மேசையில் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். பேனா பிடித்த கையில் மூன்று விரல்கள் ஒருங்கே இருந்தன. சின்னவிரல் நடுக்கணுவில் முறிந்து வெளிப்புறம் விலகி நின்றது.

நான் இரண்டு நாள் உட்கார்ந்து அழித்த அதே கோணம்.

“தங்கச்சி, அந்த விரல்...”

“இதா? மூணாவது படம். படியால உருண்டது. அண்டைக்கே ஒடிஞ்சிட்டுது. அடுத்த நாளும் அதே காட்சி எண்டதால ஆசுபத்திரிக்குப் போகக் கிடைக்கல்ல, அப்பிடியே கூடிப்போச்சி.” சொல்லிக்கொண்டே எழுதினார். “கை தெரியிற இடத்தில எல்லாம் இத மடிச்சுப் பிடி, மடிச்சுப் பிடி எண்டு கத்துவாங்க. நாயகிட விரல் நேர்தானே.”

இளையவர்களே, பட்டறையில் அந்தக் கணம் உங்களுக்கும் வரும். பேசாமலிருந்துவிடலாம். ஒரு விரலின் சாய்வு; மேடை வெளிச்சத்தில் எவருக்குத் தெரியும்? பொருள் முடிந்து, மெருகேறி, துணி சுற்றி இருக்கிறது. அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார். இவ்வளவும் எனக்குத் தோன்றின. தோன்றவில்லை என்றால் பொய். ஆனால் மடித்துப் பிடி என்று இத்தனை காலம் அவரை நோக்கிக் கத்தியவர்களுள் கடைசி ஆளாக நான் நிற்பதும் கூடவே தெரிந்தது.

“நானும் அத நேராக்கிப் போட்டன் தங்கச்சி. மண் சரிஞ்சதெண்டு நினைச்சன்.”

அவர் பேனாவை வைத்தார். “அப்ப நாளைக்கு நான் அதில கைய வச்சா?”

“சின்னவிரல் வெளிய நிக்கும்.”

“அப்ப அது என்ட கையில்ல.”

“இல்ல.”

“நான் வரல்ல நானா. கோவமில்ல. உண்மையாக் கோவமில்ல. ஆனா வரல்ல.”

“இண்டைக்கு ஜும்ஆத் தொழுக முடிய ஒருக்காப் பட்டறைக்கு வருவீங்களா? இன்னொரு அடி வேணும்.”

“நாளைக்குள்ள செய்ய நேரம் காணுமா?”

“தெரியாது.”

அவர் மீண்டும் பேனாவை எடுத்தார். “தெரியாதெண்டு சொன்னதால வாறன். எங்கட வேலையில, ஒண்டும் நடக்காது எண்டு சொல்றவனத்தான் நம்பக்கூடாது.” பிறகு எழுதிக்கொண்டிருந்த பெயரை முடித்துத் தாளை என்னிடம் தந்தார்.

பட்டறைக்கு வந்து சொன்னதும் யோசேப்பு சட்டி பானைகளை உருட்டிப் பார்த்தார். அந்தப் பலகை கனமானது. அதை வார்க்கப் போதிய பித்தளை கையிருப்பில் இல்லை. பித்தளை கொண்டுவரும் கொழும்பு வண்டி அடுத்த வாரம்தான். பட்டறையில் அந்த அளவு பித்தளை ஒரே இடத்தில்தான் இருந்தது: துணி சுற்றி வைத்திருந்த விருதில்.

“இத உருக்கிப் போட்டு, மத்தது சரியா வராட்டி?” என்றார் யோசேப்பு. “நாளைக்கு மேடையில வெறுங்கை நானா.”

“ஓம்.”

“பத்து நாள் மினுக்கின என்ட தோள்பட்டைய யாரு தாறது?”

“அத மறுமையில கேட்டு வாங்கு.”

“உங்கட மறுமையிலயா, எங்கட மோட்சத்திலயா? ரெண்டிலயும் கேட்டு எழுதி வைக்கிறன்,” என்றபடியே துணியை அவிழ்த்தார். ஒருமுறை தம் முகத்தை அதில் பார்த்துக்கொண்டார். பிறகு உலையை மூட்டினார்.

ஏன் தயங்கவில்லை என்று பிற்பாடு பலர் என்னைக் கேட்டதுண்டு. தயங்கினேன். ஆனால் பளபளப்பான அந்தப் பலகை பட்டறையில் இருக்கும்வரை, அவசரத்தில் அதுவே மேடையேறிவிடும் என்பதையும் அறிந்திருந்தேன். மாற்றுவழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மனிதன் அதைத்தான் எடுப்பான். நானும் மனிதன்தான்.

தொழுகை முடிந்து வந்தபோது தவமணி வாசலில் நின்றார். மண் பெட்டியின் முன் போய் நின்றவர் கையை ஓங்கிவிட்டுத் தாழ்த்தினார். “எப்பிடி அடிக்க? விரல மடிச்சா, விட்டா?”

“விட்டு,” என்றேன். யோசேப்பும் சேர்ந்தே சொன்னார்.

அறைந்தார். இம்முறை அந்தக் கையை நான் பார்த்தேன். பள்ளத்தையும் பார்த்தேன். படியெடுத்து, அதில் ஒரு துகளையும் தொடாமல், பொழுது சாயுமுன் வார்த்து முடித்தோம்.

சனிக்கிழமை காலையில் நான், யோசேப்பு, பட்டறைப் பையன்கள் இருவர் என எங்கள் நால்வர் கையும் ஒரே வேகத்தில் மண்ணை உடைத்துப் பறித்தன. மேல்மூலையில் பித்தளை ஓடிச் சேராமல் ஒரு விரலகலம் குறைந்திருந்தது. மேற்பரப்பெங்கும் மண்ணின் பொரிபொரிப்பு. ஆனால் கை முழுதாக வந்திருந்தது. சின்னவிரல் முறிந்து விலகி, தன் இடத்தில் கிடந்தது. மெருகிட நேரமில்லை. விளிம்பின் கூர்மையை மட்டும் அரத்தால் தேய்த்து, மணிக்கட்டின் கீழ் அவர் எழுதித் தந்தபடியே பெயரைப் பொறித்தோம்.

ஏற்றிப்போக வந்த செயலாளர் திகைத்து நின்றார்.

“என்ன நானா இது? கடலுக்குள்ள கிடந்து எடுத்த சாமான் மாதிரி இருக்கு. படத்தில காட்டினது எங்க?”

“அதான் இது,” என்றார் யோசேப்பு.

நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டிக்கொண்டு, பலகையின் அந்த விரலையே பார்த்தார். “இந்த விரல் உடைஞ்சண்டைக்கு நான் அங்க நிண்டனான்,” என்றார். தாமே அதைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. விருதை வழங்க ஒரு நடிகை வந்திருந்தார். தவமணி நெடுங்காலம் யாருக்காக விழுந்தாரோ, அவரேதான். மேசையின் பூக்களுக்கிடையே எங்கள் பலகை கண்ணிலேயே படவில்லை. எனக்குத் தொழில் பழக்கியவர் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். தவமணி மேடையேறினார். நடிகை பலகையைத் தூக்க முயன்றார், கனம். ஆகவே தவமணியே மேசையருகே போய், தம் கையைப் பள்ளத்தில் வைத்தார். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தேன். கடைசி விரலும் இறங்கியது. அவர் தலைநிமிர்ந்து சபையைப் பார்த்தார். எவரும் சொல்லாமலே முகத்தை நேராக வெளிச்சத்துக்குக் கொடுத்தார். வாழ்நாளில் நான் கேட்ட கைதட்டல்களுள் எனக்கும் பங்குண்டென்று கூசாமல் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

குறை என்று உங்கள் கண்ணுக்குப் படுவதை அரத்தால் தொடுமுன், அது யாருடையது என்று கேளுங்கள். தொழிலைப் பற்றி நான் சொல்வதற்கு உள்ளது அவ்வளவே.

விழா முடிந்து மேடையில் சனம் கூடிவிட்டது. அவரவர் தம் கையைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார்கள். செயலாளர் வைத்தார். யோசேப்பு வைத்தார். தவமணியின் அயலவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து வைத்தார்கள். நடிகையும் தம் மோதிரங்களைக் கழற்றிவிட்டு வந்தார். அளவான, அழகான கை. நான்கு விரல்கள் அமைந்தன. சின்னவிரல் மட்டும் பித்தளையின்மேல் தட்டி நின்றது. அழுத்திப் பார்த்தார்.

“எனக்குப் பொருந்துதில்லையே அக்கா.”

“உங்களுக்கு எப்பிடித் தங்கச்சி பொருந்தும்?” என்றார் தவமணி. “விழுந்தது நான்தானே.”

சுற்றிநின்றவர்கள் சிரித்தார்கள். நடிகை சிரிக்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை. பொருந்தாத அந்தக் கையை நெடுநேரம் அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.